கொல்லிப்பாவைக்குக் கால் வலிக்குமா

இதை எழுதுபவர் ஒருவர்தான். ஆயினும் 'நாங்கள்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. மேடையில் பேசியவர்கள் இருவர். பொன்னாடை போர்த்தப்பட்டதும் இருவருக்கு. பின்னர் வெட்கப்பட்டதும் இருவரே. ஒரே கல்லூரியில், ஒரே தமிழ்த்துறையில், பதினேழு ஆண்டுகளாக அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறோம். அன்று எங்களில் யார் எந்த வாக்கியத்தைச் சொன்னார் என்பது இப்போது எங்களுக்கே சரியாக நினைவில்லை.

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் தமிழ்த்துறைக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். மகளிர் தினத்துக்குப் பேச ஆள் வேண்டும். தமிழ் படித்த பெண்கள் எதைப் பற்றியும் அரைமணி நேரம் பேசிவிடுவார்கள் என்பது ஊரறிந்த நம்பிக்கை. நாங்களும் அதைப் பொய்யாக்கியதில்லை. வங்கியில் பேசியிருக்கிறோம், காவல் நிலையத்தில் பேசியிருக்கிறோம், ஒருமுறை ஒரு கோழித்தீவன நிறுவனத்தில்கூடப் பேசியிருக்கிறோம். 2024 மார்ச் 8 அன்று எங்களை அழைத்தது கொல்லிமலையின் அடிவாரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துத் தொலைவில் உள்ள ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். அந்த ஆலையை மற்ற ஆலைகளைவிட மோசமானது என்று சொல்ல எங்களிடம் எந்தக் காரணமும் இல்லை; ஒருவேளை சற்று மேலானதாகவும் இருக்கலாம்.

தலைப்பு 'பணியிடத்தில் மகளிர் நலவாழ்வு'. காலை ஏழு மணிக்கே வரச் சொன்னார்கள். இரவு ஷிப்டு முடித்தவர்களும் பிற்பகல் ஷிப்டுக்குக் காத்திருப்பவர்களும் ஒருசேரக் கிடைக்கும் நேரம் அதுதான் என்றார் பணியாளர் நல அலுவலர். உணவுக்கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஒரு மேசையில் இரத்தம் குத்திப் பார்த்தார்கள். இன்னொன்றில் கண் பார்த்தார்கள். யோகா ஆசிரியை ஒருவர் மூச்சை இழுத்து விடக் கற்றுத்தந்தார். முதல் இரண்டு வரிசைப் பெண்கள் மூச்சை இழுத்தார்கள். பின்வரிசையினர் சுவரில் சாய்ந்து உறங்கினார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. விளக்கொளியில் எல்லோருமே சிறிது நரைத்தவர்கள்போலத் தெரிந்தார்கள்.

பிறகு நாங்கள். திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் தொடங்கினோம். அதைவிட்டால் இத்தகைய மேடைக்கு வேறு வாசல் ஏது? சங்கப் பாடல்களில் நூல் நூற்கும் பெண்கள் வருவதைச் சொன்னோம். நற்றிணையிலும் புறநானூற்றிலும் அவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் துணையற்ற பெண்கள், பிழைப்புக்காக நூற்றவர்கள். அந்தப் பகுதியை மட்டும் விழாவுக்குப் பொருந்தாது என்று விட்டுவிட்டோம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கொல்லிமலையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்கள் என்று அலுவலர் முன்பே சொல்லியிருந்தார். ஆகவே கொல்லிப்பாவையைக் கொண்டுவந்தோம். தெய்வத்தால் அமைக்கப்பட்டுக் கொல்லிமலையில் நிற்கும் எழிற்பாவை அது. காற்று மோதினாலும், பெருமழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் வடிவு கெடாமல் நிற்கும் என்று பரணரின் நற்றிணைப் பாடல் ஒன்று சொல்கிறது. "நீங்கள் அந்த மலையின் மகள்கள். எது வந்தாலும் அந்தப் பாவைபோல் நிலைகுலையாமல் நில்லுங்கள்" என்று முடித்தோம். கைதட்டல் எழுந்தது. உறங்கியவர்கள் சிலரும் விழித்துக்கொண்டு தட்டினார்கள்.

ஏதேனும் கேள்வி உண்டா என்று அலுவலர் கேட்டது வழக்கத்துக்காக மட்டுமே. ஆனால் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். "நான் தேவனூர் நாடுங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பாவைக்குக் கால் வலிக்காதுங்களா மேடம்?"

கூடமே சிரித்தது. அலுவலரும் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். "நல்ல கேள்வி" என்றோம். விடை தெரியாத இடத்தில் ஆசிரியர்கள் சொல்வது அதுதான். அடுத்த நிமிடம் நன்றியுரை தொடங்கிவிட்டது.

ஆலையில் நெய்ததல்ல, கடையில் வாங்கியதுதான், ஆளுக்கொரு பூந்துவாலை பரிசாகத் தந்தார்கள். வண்டியில் திரும்பும்போது நாங்கள் அதிகம் பேசவில்லை. அந்தப் பெண் கேலிக்காகக் கேட்கவில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளிடம் இன்னும் நில் என்று சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான் நடந்தது. புறப்படும் முன் அவள் வாயிலருகே வந்து எங்கள் தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கியிருந்தாள். "எங்க ஊருக்கு வாங்க மேடம், பலாப்பழம் தர்றோம்" என்றாள். அப்படிச் சொல்பவர்கள் பலர், நாங்கள் போனதில்லை.

*

ஆனி மாதம் அவளே அழைத்தாள். ஆலையைவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது என்றாள். உடம்புக்கு என்ன என்று கேட்டோம். "ஒண்ணுமில்லைங்க, சளி" என்றாள். அந்த வாரமே போனோம்.

இலக்கியம் படித்தவர்களுக்குக் கொல்லிமலை என்றால் வல்வில் ஓரி. ஆடி மாதத்தில் அவன் பெயரில் அரசு விழா நடக்கிறது. காரவல்லியிலிருந்து ஏறும் பாதையின் 70 கொண்டையூசி வளைவுகளும் ஆகாய கங்கையும் சுற்றுலா வருவோருக்குத் தெரியும். இந்த மலை பதினான்கு நாடுகளாகப் பிரிந்தது என்பதும் தேவனூர் நாடு அவற்றில் ஒன்று என்பதும் தெரிந்தவர் குறைவு. இங்கு நாடு என்பது சில சிற்றூர்கள் சேர்ந்த ஒரு தொகுதி. இப்போது அதுவே ஊராட்சியாகவும் இருக்கிறது. வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைப்பவர்கள் உண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

அவள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்தாள். உட்காரச் சொல்லியும் சிறிது நேரம் நின்றுகொண்டே இருந்தாள். வீட்டுச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு வண்ணத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஆலையின் நலவாழ்வுத் திட்டத்தில் கொடுத்தது. 'இரத்தசோகையை வெல்வோம்' என்று தலைப்பு. கீழே கேழ்வரகு, கம்பு, சாமை, தினை, முருங்கைக்கீரை, வெல்லம் என்று படங்களுடன் பட்டியல். அவளுடைய அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. படத்தைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று எங்களைக் கேட்டார். சாமை என்று படித்தோம். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எங்களுக்குத் திறமை போதாது. "சாமை திங்கச் சொல்லித் தர்றதுக்கு மில்லு வரைக்கும் போவணுமாக்கும்?" என்றார்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவை கொல்லிமலையின் சோறாக இருந்தவை. சாலையும் சந்தையும் வந்தபின் குச்சிக்கிழங்கு வந்தது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும். மலைச்சரிவில் அது நன்றாக விளைகிறது. லாரி வந்து எடுத்துக்கொள்கிறது. கையில் காசு கிடைக்கிறது. சாமைக்காடு கிழங்குக்காடாயிற்று. வீட்டுக்கு நியாயவிலைக் கடை அரிசி வந்தது. இதைச் சொல்லும்போது நம்மைப் போன்றவர்கள் பெருமூச்சு விடுவது வழக்கம். மலைமக்கள் தங்கள் மரபு உணவை மறந்தார்கள் என்று கட்டுரை எழுதுவோம். (எழுதியும் இருக்கிறோம், ஒரு கருத்தரங்க மலரில் இருக்கிறது.)

அந்த அம்மாள் மறக்கவில்லை. அவர் சொன்ன காரணம் வேறு. "குத்தறதுக்கு ஆரு?" என்றார். கேழ்வரகை அப்படியே திரிகையில் போட்டு அரைத்துவிடலாம். சாமைக்கும் தினைக்கும் உமி நீங்க வேண்டும். கோழி கூவும் முன் எழுந்து உரலில் இட்டுக் குத்திப் புடைத்து, மீண்டும் குத்தி மீண்டும் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி எடுக்க வேண்டும். பிறகு காட்டு வேலை. பிள்ளை வயிற்றில் இருந்தாலும் உலக்கை உண்டு. பெற்ற சில நாளிலும் உலக்கை உண்டு. நியாயவிலை அரிசியை அவர்கள் விரும்பியது நாக்குக்காக மட்டுமன்று, தோளுக்காக.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியைச் செய்துவந்தார்கள். விதைகளைத் திரட்டியது, சந்தை அமைத்தது எனப் பல வேலைகள். அவற்றுள் எங்களுக்கு முக்கியமாகப் படுவது, உமி நீக்கும் சிறு எந்திரங்களை மலைக் கிராமங்களுக்குக் கொண்டுவந்து, அவற்றை உள்ளூர் மகளிர் குழுக்களின் பொறுப்பில் விட்டது. சாமையின் சத்தைப் பற்றி அந்தப் பெண்களிடம் எத்தனை கூட்டம் போட்டுப் பேசியிருந்தாலும் உலக்கை இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். எந்திரம் வந்தபின் அந்த அம்மாள் தம் வீட்டுக்காகக் கொஞ்சம் சாமை விதைக்கிறார். கிழங்கு போகவில்லை, சரிவெங்கும் இப்போதும் கிழங்குதான். ஆனாலும் வீட்டில் வாரத்தில் சில நாள் சாமைச் சோறு. "அந்த மிசினு வந்த பொறவுதான் எனக்குத் தோளுன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துச்சு" என்றார்.

அவருக்கு யாரும் மூச்சுப் பயிற்சி கற்றுத்தரவில்லை. கையிலிருந்து உலக்கையை வாங்கி வைத்தார்கள்.

*

அன்று மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் உண்டபின் மகள் தன் ஆலைக் கதையைச் சொன்னாள். உட்கார்ந்து சொன்னாள். நாங்கள் அவளிடம் கேட்டதெல்லாம் நியாயப்படி அன்று மேடையேறும் முன்பே கேட்டிருக்க வேண்டியவை.

அவளுக்கு ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் வேலை. இரண்டு எந்திர வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும். அறுந்த இழையைக் கண்டால் விரலால் ஒட்ட வேண்டும். இழை எப்போது எங்கே அறும் என்று தெரியாததால் உட்கார முடியாது. உள்ளே எப்போதும் வெக்கையும் ஈரமும். நூல் அறாமல் இருப்பதற்காகக் காற்றில் ஈரம் ஏற்றுகிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்காக அல்ல. எந்திரச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது; கையசைவில்தான் எல்லாம். கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் பக்கத்துச் சைடுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போகலாம், தடையில்லை. ஆனால் திரும்புவதற்குள் அறுந்த இழைகள் அவள் கணக்கில் சேரும். ஆகவே தண்ணீர் குறைவாகக் குடிப்பாள். மாதவிலக்கு நாட்களில் வலி என்றால் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரை தருவார். அட்டை இருக்காது, பெயர் இருக்காது. "வெள்ளை மாத்திரை" என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

இதைக் கேட்டபோது, எப்போதோ படித்து மறந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேசன் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் உள்ள ஏறத்தாழ நூறு பெண்களிடம் விசாரித்து ஒரு செய்தி வெளியிட்டது. அத்தனை பேருமே வேலையிடத்தில் பெயரற்ற வலிமாத்திரை கொடுக்கப்பட்டவர்கள். அதனால் உடல்நலம் கெட்டது என்று பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். நாளிதழ்களில் வந்தது. நாங்கள் படித்தோம். பிறகு விடைத்தாள் திருத்தப் போய்விட்டோம்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஆலைக்குத் திரும்பிய முதல் நாள் மார்பை யாரோ அழுத்துவதுபோல் இருக்கும் என்றாள். இரண்டாம் நாள் சற்றுக் குறையும். அவளுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று சொல்ல நாங்கள் மருத்துவர்களல்லர். ஆனால் பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் என்னும் நோயின் தொடக்கத்தை மருத்துவ நூல்கள் ஏறக்குறைய இவ்வாறே விவரிக்கின்றன: ஓய்வுக்குப் பின் வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மூச்சு இறுகும், காலப்போக்கில் எல்லா நாளும் இறுகும். சணலும் ஆளியும் சிக்கெடுப்போரின் இருமலைப் பற்றி இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. ஆலையின் நலவாழ்வு முகாமில் கண்ணைப் பார்த்தார்கள், இரத்தத்தைப் பார்த்தார்கள். மூச்சை ஊதிப் பார்க்கும் கருவி எதுவும் அந்தக் கூடத்தில் இருந்ததாக எங்களுக்கு நினைவில்லை. யோகா இருந்தது. பஞ்சுத்தூசி மிதக்கும் வளாகத்தில் ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவளுடைய சின்னம்மாவும் நூற்பாலைக்குப் போனவர்தாம். அது 2000களின் நடுப்பகுதி. அப்போது சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்ற பெயர்களில் ஆள் சேர்த்தார்கள். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவார்கள், கல்யாணத்துக்கு ஆகும். இடையில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தத் தொகை கேள்விக்குறி. சின்னம்மா இரண்டரை ஆண்டில் வந்துவிட்டார். இவள் காலத்தில் மாதச் சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 'பிடிச்சது போக'த்தான் வருகிறது, ஆனாலும் வருகிறது. இந்த மாற்றம் தானாக நேரவில்லை. 2011இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை முதல் உள்ளூர்ச் சங்கங்களின் வழக்குகள் வரை பலருடைய உழைப்பு அதன்பின் இருக்கிறது.

நலவாழ்வுத் திட்டங்களும் அந்த அழுத்தத்தின் தொடர்ச்சியாகவே வந்தன. பிஎஸ்ஆர் என்னும் அமெரிக்க அமைப்பு 2007இல் ஹெர்புராஜெக்ட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆலையில் சில பெண்களைத் தேர்ந்து உடல்நலம் பற்றிப் பயிற்றுவித்தால் அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள் என்பது அதன் முறை. 2010களில் இலண்டனைச் சேர்ந்த எதிக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் தமிழ்நாட்டு நூற்பாலைகளில் இதேபோன்ற ஒன்றை நடத்தியது. அதற்கு 'நலம்' என்றே பெயர். இவற்றை முதலாளிகளிடம் எடுத்துச் சொல்லும்போது ஒரு கணக்கும் உடன் வைக்கப்படும்: வேலைக்கு வராத நாள் குறையும், வேலையைவிட்டு நிற்போர் குறைவர். அந்தக் கணக்கைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. கணக்கில்லாமல் எந்த ஆலையும் கதவு திறக்காது. ஆனால் கணக்கு எங்கே நிற்கிறதோ அங்கேயே நலமும் நின்றுவிடுகிறது. இரத்தசோகை பற்றி வகுப்பெடுக்கலாம், செலவு குறைவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆகவே வகுப்பு தேவையும்தான். சைடைக் குறைப்பதற்கும், மாற்று ஆள் போடுவதற்கும், தூசியை உறிஞ்சும் அமைப்பைச் சீராக்குவதற்கும் வேறு கணக்கு வேண்டும்.

அந்த வகுப்புகளை நாங்கள் சற்று ஏளனமாகப் பேசத் தொடங்கினோம். படித்தவர்களுக்கு அது எளிது. அவள் உடனே மறுத்தாள். தன் அறைக்கு அவள்தான் பயிற்சி பெற்ற தோழி. மாதவிலக்குக்கு ஏன் வலிக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். பள்ளியில் அந்தப் பாடத்தை ஆசிரியை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். வெள்ளை மாத்திரையின் பெயரைக் கேட்க வேண்டும் என்று அவளுக்குச் சொன்னதும் வகுப்புக்கு வந்த செவிலியர்தான். கேட்டாள். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அடுத்த மாதம் அட்டையோடு கொடுத்தார்கள். "அந்தக் கிளாசைக் கொறை சொல்லாதீங்க மேடம்" என்றாள். சிறிது யோசித்துவிட்டு, "அங்கதான் ஒரு மணி நேரம் உக்காந்திருப்போம்" என்று சேர்த்தாள்.

*

நலம் என்ற சொல்லைப் பற்றி அன்றிரவு எங்களுக்குள் பேச்சு வந்தது, தொழில் புத்தி. திருக்குறளின் 112ஆம் அதிகாரம் 'நலம் புனைந்துரைத்தல்'. அங்கே நலம் என்பது பெண்ணின் அழகு; ஆண் அதைப் புகழ்கிறான். 124ஆம் அதிகாரம் 'உறுப்பு நலன் அழிதல்'. பிரிவுத் துயரில் கண்ணும் தோளும் தம் அழகை இழக்கின்றன. அகப்பாடல்களில் ஒரு பெண்ணின் நலத்தை ஒருவன் நுகர்ந்துவிட்டுப் போவான். அவள் தோள் மெலியும், வளை கழலும். அந்த வரிகளை வகுப்பில் எத்தனையோ முறை நயம் பாராட்டியிருக்கிறோம். வளை கழலும் கையோடு ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது நயம் சற்றுத் தடுமாறுகிறது. இவளைப் பிரிந்தவன் யாருமில்லை. மூன்று ஷிப்டு.

இரவு ஷிப்டு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு ஏழு மணிமுதல் காலை ஆறு மணிவரை வேலைவாங்கத் தடை விதித்திருந்தது. அது சமத்துவத்துக்கு மாறானது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்போது நாங்கள் முதுகலை மாணவியர். துறைக் கருத்தரங்கில் தீர்ப்பை வரவேற்று ஆவேசமாகப் பேசியது நன்றாக நினைவிருக்கிறது. அது தவறென்று இப்போதும் சொல்லமாட்டோம். அந்தத் தீர்ப்பு பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வு பற்றி நிபந்தனைகளையும் விதித்திருந்தது என்பதைப் பல ஆண்டு கழித்தே படித்தோம். ஆவேசத்துக்கு அந்தப் பக்கங்கள் தேவைப்படவில்லை.

அதே 1948 சட்டத்தின் 44ஆம் பிரிவு இன்னொன்றும் சொன்னது: நின்றபடியே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வேலையினிடையே கிடைக்கும் வாய்ப்பில் அமர இருக்கை ஏற்பாடு செய்ய வேண்டும். அச்சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் நெறிமுறையிலும் இருக்கை உண்டு. 'கால் வலிக்காதுங்களா' என்ற கேள்விக்கு இந்தியக் குடியரசு பிறக்கும் முன்பே ஒரு விடை எழுதிவைக்கப்பட்டிருந்தது. மேடையில் நின்ற எங்களுக்கு அது தெரியாது, பரணரைத் தெரிந்திருந்தது.

கேட்கும் பெண்கள் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் திண்டுக்கல். அங்கே 2021 ஜனவரியில் ஆடை ஆலைத் தொழிலாளியான ஓர் இளம்பெண் கொல்லப்பட்டாள், மேற்பார்வையாளர் கைதானார். அதன்பின் பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடும் எச் அண்டு எம் போன்ற வாங்குவோரோடும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வேலை செய்யும் பெண்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள். புகார் சொல்பவரைப் பழிவாங்கினால் வாங்குவோர் தலையிட வேண்டும். இதற்கு யாரும் நலவாழ்வுத் திட்டம் என்று பெயர் வைக்கவில்லை. அவளிடம் இதைச் சொன்னோம். கவனமாகக் கேட்டாள். "எங்க மில்லுல சங்கம்னு வாயத் தொறந்தா வார்டன் அன்னைக்கே ஊருக்குப் போன் போட்டுடுவாங்க" என்றாள். பிறகு திண்டுக்கல்லுக்கு எத்தனை பேருந்து மாற வேண்டும் என்று கேட்டாள்.

இவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் அதே ஆலையிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. வருகிறோம் என்றோம். பேசுவதற்கு முன் ஸ்பின்னிங் பகுதியை இரவு ஷிப்டில் ஒரு மணி நேரம் பார்க்க அனுமதி வேண்டும் என்றும், சைடுகளின் முனையில் சில முக்காலிகள் போட முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்டுச் சொல்லுமாறும் எழுதினோம். அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்த மார்ச் 8ஆம் தேதி நாங்கள் வீட்டில் இருந்தோம்.

*

மறுநாள் காலை நாங்கள் புறப்பட்டபோது அவளும் பையோடு வந்து நின்றாள். வேறு ஆலை, அங்கே தெரிந்த பெண் இருக்கிறாள் என்றாள். இன்னும் சில நாள் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளலாமே என்று சொன்னோம். மிளகுக்கொடி காய்க்க மாதங்கள் இருக்கின்றன, கிழங்கு விலை இறங்கிக்கிடக்கிறது, தம்பி உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறான் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னபின் எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் அரசு மருத்துவமனை நெஞ்சுநோய்ப் பிரிவுக்கு முதலில் வருவதாக மட்டும் வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள். மருந்துச் சீட்டில் இருந்ததை இங்கே எழுத எங்களுக்கு உரிமையில்லை.

அம்மா துணிப்பையில் இரண்டு படி சாமையரிசி கட்டிக் கொடுத்தார். விடுதியில் யார் ஆக்கித் தருவார்கள் என்று மகள் சலித்துக்கொண்டாள், வாங்கியும் கொண்டாள். எங்களுக்கு ஆளுக்கொரு பலா. வழியில் எட்டுக்கை அம்மன் கோயில் பற்றிப் பேச்சு வந்தது. அந்த அம்மனைத்தான் கொல்லிப்பாவை என்கிறார்கள் மலையில். "எட்டுக் கை இருந்தா நாலு சைடு குடுப்பாங்க மேடம்" என்றாள். இந்த முறை நாங்கள் சிரித்தபோது அவளும் சிரித்தாள்.

செம்மேட்டில் பேருந்து நிரம்பி வழிந்தது. எங்கள் இருவருக்கும் முன்னால் எப்படியோ இடம் கிடைத்தது. எழுந்து அவளுக்குக் கொடுத்தோம், உட்கார மறுத்துவிட்டாள். ஆசிரியர்கள் நிற்க அவள் எப்படி உட்காருவது? சாமைப் பையைக் காலுக்கிடையே வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள். சோளக்காட்டில் ஒரு முதியவர் இறங்கினார். அந்த இடத்தில் உட்கார்ந்தவள் முதல் வளைவு வரும் முன்பே உறங்கிவிட்டாள். எழுபது வளைவுகளிலும் அவள் தலை அங்குமிங்கும் சாய்ந்துகொண்டே வந்தது. காரவல்லி வந்ததும் எழுப்பினோம்.